ரெண்டு புள்ளியில திருப்புங்கோ

உட்கார்ந்த பிறகுதான் தணிகாசலத்துக்கு அது உறைத்தது. திருப்புங்கோ என்றாளே, முன்னாலா பின்னாலா? கேட்டிருக்கலாம். பின்னறையில் அரைமணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம், கேட்கவில்லை. இப்போது கைதட்டல் ஓய்ந்துவிட்டது. எழும்பூரின் அந்தப் பழைய பள்ளிக்கூட மண்டபத்தில் மேடைப் பக்கத்து மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள், தாள் பறக்கக் கூடாதென்று. ஆரணி என்கிற அந்தப் பெண் பியானோவின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். அவளுக்கு இடது பக்கம், ஒரு சாண் பின்னால், மர நாற்காலியில் அவர். வேலை ஒன்றுதான். பக்கம் முடிகிற நேரத்தில் எழுந்து, இடது கையை நீட்டி, மேல் மூலையைப் பிடித்துத் தாளைத் திருப்ப வேண்டும். வழக்கமாகத் திருப்புகிற பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. கச்சேரியை நடத்துகிற செலின் டீச்சர் முந்தாநாள் போன் போட்டு, "சார், நோட்ஸ் படிக்கத் தெரிஞ்ச ஆள் மெட்ராஸ்ல எனக்கு நீங்க ஒருத்தர்தான் மிச்சம், முடியாதுன்னு சொல்லாதீங்க" என்றபோது, எழுபத்தொரு வயதில் ஒருவர் நம்மைக் கெஞ்சுகிறாரே என்று ஒரு குஷி. சரி என்று சொல்லிவிட்டார். ஆரணி பெர்ன் நகரத்தில் பிறந்தவள், அப்பா அம்மா யாழ்ப்பாணம். "ஆரணியா? பட்டுப்புடவை ஊராச்சேம்மா" என்று அவர் சொன்னதற்குச் சிரித்தாள். "எல்லாம் மனப்பாடம்தான் அங்கிள். ஆனா பேப்பர் முன்னால இல்லாட்டி எனக்குக் கை நடுங்கும். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். அந்த ரெண்டு புள்ளி வாற இடத்தில திருப்புங்கோ, என்ன?" "சரிம்மா" என்று தலையாட்டினார். அதற்குள் செலின் டீச்சர் பிளாஸ்க்கோடு வந்து காபி வேணுமா என்று கேட்டார். அந்தப் பெண் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். டீச்சர் டம்ளர் நிறைய ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அவள் ஒரு கணம் டம்ளரைப் பார்த்துவிட்டு மருந்து குடிப்பதுபோல் குடித்தாள். பேச்சு அதோடு போயிற்று.

தொடங்கிவிட்டாள். எவ்வளவு மெதுவாக. யாரோ தூங்குகிற வீட்டில் கதவைத் திறக்கிற மாதிரி. சூபர்ட் என்ற அந்த ஆள் முப்பத்தோரு வயதில், சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் எழுதி முடித்த கடைசி சொனாட்டா, பியானோவுக்கென்று நாலு பகுதியாக எழுதிய நீண்ட பாட்டு. தணிகாசலத்துக்கு இது மனப்பாடம், வாசிக்க அல்ல, கேட்க. நோட்டில் குறுக்குக்கோடுகள் பிரிக்கிற கட்டங்களில் எட்டாவதில் அது வரும். வந்துவிட்டது. இடது கை ஆழத்துக்குப் போய், இரண்டு கட்டைகளை நடுங்குகிற மாதிரி உருட்டியது, மிகவும் சன்னமாக. நாற்காலிக் காலின் வழியாக அது அவர் உள்ளங்காலுக்கு ஏறியது. இத்தனை வருஷமாக கேசட்டில் கேட்டபோது அது ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். முதல்முறை கேட்டபோது மனைவி மரகதம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். "என்னாங்க, வெளியே லாரி ஏதாச்சும் நிக்குதா?" "லாரி இல்ல, பாட்டுல வருது." "பாட்டுல எதுக்கு லாரி?" அதோடு அதற்கு அந்த வீட்டில் லாரி என்று பெயர் நிலைத்தது. "லாரியைப் போடுங்க" என்பாள். எல்லாவற்றுக்கும் அவள் வைத்த பெயர்தான். மொசார்ட் தன் அம்மா இறந்துபோன கோடையில் எழுதிய ஒன்று உண்டு, அது 'கோவக்காரன்'. அதற்குக் காரணத்தை அவர் சொன்னபோது, "அப்ப கோவப்படட்டும், யார் வேணாங்கிறது" என்றாள். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் உடன் வேலை பார்த்த பிரெடெரிக் தன் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்ததுதான் இந்த லாரி கேசட். இரண்டாவது பகுதி முடிகிற இடத்தில் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். பாட்டுப்பெட்டியின் பக்கத்தில் இருப்பவள் அவள். "மரகதம், திருப்பிப் போடு" என்பார் இவர். கேசட்டைப் புரட்டிப் போடச் சொல்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அவள் வேண்டுமென்றே பின்னால் ஓட்டி முதலிலிருந்து போடுவாள். "நீங்கதானே திருப்பிப் போடச் சொன்னீங்க? மறுபடியும்னு நினைச்சேன்." மறுபடியும் லாரி. மறுபடியும் இருபத்தைந்து நிமிஷம். அவருக்கு என்ன நஷ்டம். அடடா, எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்? இடது பக்கத்தின் அடி வரி. இல்லை, வலது பக்கத்துக்கு வந்துவிட்டாள். தணிகாசலத்துக்கு முதுகில் வியர்வை ஓடியது.

இதுதான் பயம். மறதிகூட இல்லை, போய்விடுவது. போன மாதம் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறியவர், வீடு இருக்கிற பெரம்பூரில் இறங்க வேண்டியவர், இறங்கவில்லை. தூங்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தார், ஜன்னல் வழியாகப் பெரம்பூர் என்ற பலகையைப் படித்தார்கூட. மனசு வேறெங்கோ ஒரு சமையலறையில் இருந்தது. வில்லிவாக்கத்தில் இறங்கி எதிர்வண்டி பிடித்து வந்தார். பெங்களூரிலிருந்து பெண் சுமதி போன் செய்தபோது சும்மா சிரிப்புக்கு இதைச் சொல்லப்போக, அவள் சிரிக்கவில்லை. "அப்பா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரலாமா?" என்றாள், குழந்தையிடம் பேசுகிற குரலில். அன்றிலிருந்து அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிறார். மூன்று முறை பார்த்தால் வியாதி, இரண்டு முறை பார்த்தால் ஜாக்கிரதை என்று தனக்குள் ஒரு சட்டம். இங்கே இருநூறு பேர் முன்னால் வில்லிவாக்கம் போய்விட்டால் எதிர்வண்டி கிடையாது. பார், பார். தாளில் ஸ்வரங்களின் அந்தக் கறுப்புத் தலைகளைப் பார். ஐந்து கோடு, அதன்மேல் ஏறி இறங்குகிற தலைகள். மூர் மார்க்கெட்டில் அட்டையில்லாத ஒரு இசை நோட்டுப் புத்தகத்தைப் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்த நாளில் அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் ரயில்பெட்டியின் மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எல்லாம் கோடாகப் பார்த்தே பழகிய கண். இதுவும் ஒரு வரைபடம்தானே, எங்கேயோ ஒரு மூலையில் அளவுகோல் போட்டிருப்பான், அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று உட்கார்ந்தார். கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேசட்டை ஓடவிட்டு, விரலைக் கோட்டின்மேல் ஓட்டி, தவறி, மறுபடி ஓட்டி. கடைசி வரி. எழுந்திரு. எழுந்தார். முழங்கால் சொடுக்கியது, முதல் வரிசைக்குக் கேட்டிருக்கும். இடது கையை நீட்டி மூலையைப் பிடித்தார். ஒரு தாளா இரண்டு தாளா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார், ஒன்றுதான். அவள் லேசாக மூக்கால் மூச்சிழுத்தாள், திருப்பினார். தாள் சத்தமில்லாமல் படிந்தது. உட்கார்ந்தார். அப்பா. ஒன்று ஆயிற்று.

ராகம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இதே இடத்தில் எப்போதும் அவருக்கு ஒரு குளிர் படும், வெயிலில் நடக்கும்போது கட்டட நிழல் விழுகிற மாதிரி. போன வருஷம் செலின் டீச்சர் மண்டபத்து ஆண்டு மலருக்காக, "சார், உலகத்தின் மிகச் சிறந்த பியானோ சொனாட்டாக்கள்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, ஏன் மறக்க முடியலைன்னும் சொல்லுங்க" என்று கேட்டார். ஒரு மாசம் உட்கார்ந்தும் ஒரு பக்கம் வரவில்லை. பீத்தோவன் மட்டும் முப்பத்திரண்டு எழுதியிருக்கிறார், எதை எடுப்பது, எதை விடுவது. சிறந்தது என்று யார் சொல்வது. மரகதத்திடம் அதற்கு ஒரே ஒரு அளவுதான். "ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது தானா வாயில வரணும். வரலைன்னா அது பெரிய ஆள் எழுதினதா இருந்தா என்ன." பீத்தோவனின் கடைசி சொனாட்டாவைப் போட்ட அன்று, இரண்டே பகுதியோடு அது நின்றதும், "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றார். புளியைக் கரைத்து முடித்தாள். பிறகு, "சரிதான், இதுக்கு மேல என்னத்த சொல்றது" என்றாள். அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் எழுதியது கடைசியில் நாலு வரி: ஒரு சொனாட்டா வீட்டை விட்டுக் கிளம்புகிறது, ஊரெல்லாம் அலைகிறது, அதே வீட்டுக்கு வந்து சேருகிறது, வீடு அதேதான், வந்தவன்தான் மாறியிருக்கிறான், அந்த மாறுதல் நமக்குக் கேட்டுவிட்டால் அதை மறக்க முடியாது. டீச்சர் படித்துவிட்டு, "இது ரொம்பச் சின்னதா இருக்கே சார்" என்று விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டார். வலப்பக்கம். நடு வரி. எழுந்திரு, கொஞ்சம் முன்கூட்டியே எழுந்தால் தப்பில்லை. மூச்சிழுத்தாள். திருப்பினார். இரண்டாவதும் ஆயிற்று. இப்போது அவர் கண் தானாக வலது பக்கத்தின் அடிக்குப் போயிற்று. அங்கே இருக்கிறது. மேலே ஒரு வளைகோடு, அதன் முனையில் ஒன்று என்ற எண், அதன்கீழ் ஒன்பது கட்டம், கடைசியில் தடித்த கோட்டை ஒட்டி மேலும் கீழுமாக அந்த இரண்டு புள்ளி.

இரண்டு புள்ளி என்றால் முதலிலிருந்து மறுபடி வாசி என்று அர்த்தம். மறுபடி வாசிப்பவர்கள் அந்த ஒன்பது கட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும், போய்ப் புள்ளியைத் தொட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படியென்றால் அவர் இரண்டு தாளைப் பின்னால் திருப்ப வேண்டும். மறுபடி வாசிக்காதவர்கள் அந்த ஒன்பது கட்டத்தையே தொடாமல் தாண்டி அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். அப்படியென்றால் அவர் புள்ளி வருவதற்கு முன்பே ஒரு தாளை முன்னால் திருப்பியாக வேண்டும். பிரெடெரிக்கின் கேசட்டில் வாசித்த மனிதர் தாண்டிவிட்டார். அதைக் கண்டுபிடித்தவள் மரகதம்தான். நோட்டு படிக்கத் தெரியாது, ஆனால் அவர் விரல் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் விரல் அந்த இடத்தில் எகிறிக் குதித்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க இருங்க, இந்த ஒம்பது கட்டம் எங்க போச்சு?" "அதை அவர் வாசிக்கல." "எழுதி வெச்சிருக்குல்ல?" "மறுபடியும் வாசிச்சாத்தான் அது வரும். வேற எங்கயும் அது வராது. இந்த ஒம்பது கட்டத்துல இருக்கிறது மொத்தப் பாட்டுலயும் இங்க மட்டும்தான் இருக்கு. லாரிகூட இங்க மட்டும் சத்தமா வருது பாரு." "முழுங்கிட்டானா பாவி" என்றாள். அவரே தன் சின்ன கீபோர்டில் அந்த ஒன்பதையும் தட்டிக் காட்டினார். கேட்டுவிட்டு, "நீங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறீங்க. இது வேணாம். யாராச்சும் முழுசா வாசிச்சா அப்ப என்னைக் கூப்பிடுங்க" என்றாள். அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கலாம், இப்போதெல்லாம் போனிலேயே எல்லாம் கிடைக்கிறது, சுமதி காட்டிக்கூடக் கொடுத்தாள். கேட்கவில்லை. மரகதம் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இல்லாமல் அதை மட்டும் தனியாகப் போனில் கேட்பது, பந்தியில் பக்கத்து இலைக்காரர் வருவதற்கு முன்னால் கைவைப்பதுபோல் இருந்தது. இங்கே மூன்றாவது வரிசையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தால் கதை வேறு. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். ஆனால் இப்போது கை அவருடைய கை.

அதுதான் சிக்கல். அவருக்கு மறுபடியும் வேண்டும். தனக்கு வேண்டியது கையில் இறங்கிவிடக் கூடாது. அவள் தாண்டுவதற்குத் தயாராக இருக்கும்போது இவர் திருப்பாமல் நின்றால், பேப்பர் இல்லாவிட்டால் நடுங்குகிற அந்தக் கை நடுங்கும், பெர்னிலிருந்து வந்த பெண்ணின் முதல் மெட்ராஸ் கச்சேரி ஒரு கிழவனால் தடுக்கி விழும். என்ன சொன்னாள்? ரெண்டு புள்ளி வாற இடத்தில திருப்புங்கோ. தாண்டுகிறவள் புள்ளிக்கே வரமாட்டாளே, அப்படியானால் புள்ளியில் திருப்பு என்றால் பின்னால் திருப்பு என்றுதானே அர்த்தம்? ஆனால் மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள். பெரம்பூர் வந்ததும் எழுந்திரு என்றால், பெரம்பூருக்கு முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வா என்றுதான் அர்த்தம். வாற இடத்தில என்றால் வரும் இடத்துக்குக் கிட்டத்தில், அதாவது முன்னால். அப்படியும் இருக்கலாம். மரகதமாக இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பாள், நாப்பது வருஷமா திருப்புங்கிற ஒரு வார்த்தையை ஒழுங்கா சொல்லத் தெரியல, இப்ப அது உங்களையே கடிக்குது பாருங்க என்று. இடது பக்கம் முடிந்துவிட்டது. வலது பக்கம். முதல் வரி. இரண்டாவது வரி. ஸ்வரங்கள் இப்போது சின்னச் சின்னத் துண்டாக விழுகின்றன, ஒன்று சொல்கிறது, நிற்கிறது, யோசிக்கிறது, இன்னொன்று சொல்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியே எழும்பூர் ஸ்டேஷனின் அறிவிப்பு கொஞ்சம் கேட்கிறது. தணிகாசலம் எழுந்தார். இந்த முறை முழங்கால் சொடுக்கவில்லை. மூலையைப் பிடித்தார். தாள் விரலுக்குள் ஈரமாயிற்று. ஒரு அங்குலம் தூக்கினார், அடுத்த பக்கத்தின் கறுப்பு ஓரம் தெரிந்தது. வளைகோட்டுக்கு இன்னும் இரண்டு கட்டம். அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தாள்.

சரி என்கிறாள். திருப்பு என்கிறாள். பெரம்பூரில் தலையை அப்படி அசைத்தால் சரி என்று அர்த்தம், நல்லது, ஆகட்டும், அப்படியே செய்யுங்கள் என்று அர்த்தம். போயிற்று, மரகதம், இந்தத் தடவையும் முழுங்கப் போகிறார்கள், பரவாயில்லை, என்று தாளை இன்னொரு அங்குலம் தூக்கியவருக்கு அந்தக் காபி டம்ளர் கண்ணுக்குள் வந்தது. இதே அசைவுதான். இதே மாதிரிதான் அசைத்தாள், டீச்சர் நிறைய ஊற்றினார், மருந்து மாதிரி குடித்தாள். பெர்னில் அதற்குச் சரி என்று அர்த்தம் இல்லை. பெர்னில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். தணிகாசலம் விரலைத் தளர்த்தினார். தாள் தானாகச் சரிந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அவள் தோள் இறங்கியதை அவர் பார்த்தார், உதட்டோரத்தில் ஏதோ சிரிப்புபோல. பிறகு அவள் வளைகோட்டுக்குள் நுழைந்தாள். முதலில் தயங்கித் தயங்கி, யாரோ வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல். பிறகு சட்டென்று சத்தமாக, இதுவரை இவ்வளவு அடக்கமாகப் பேசிய மனிதரா இவர் என்று கேட்கும்படியாக. கூப்பிடச் சொன்னாயே. மரகதம். வா, சீக்கிரம் வா, கத்தியைக் கீழே வை. கடைசியில் இடது கை ஆழத்துக்கு இறங்கி அந்த லாரியை ஒரே ஒரு தடவை வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தது. நாற்காலி அதிர்ந்தது, மேடைப் பலகை அதிர்ந்தது, செருப்பில்லாத காலில் ஏறி நெஞ்சுவரை வந்தது. கரகரப்பு இல்லை. எழுத்துக்கூட்டல் இல்லை. ஒன்பது கட்டம், இருபது விநாடி இருக்குமோ என்னவோ.

சத்தம் நின்றது. அந்த நிறுத்தத்துக்குள் அவர் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார், இரண்டுதான், மூன்று இல்லை. திருப்பினார். முதல் பக்கம் வந்தது. அவள் கைகள் அங்கே வந்து காத்திருந்தன, அவசரமில்லாமல். யாரோ தூங்குகிற வீட்டின் கதவை மறுபடியும் திறந்தாள், ஆனால் இந்த முறை உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தணிகாசலம் உட்கார்ந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எட்டாவது கட்டத்தில், மிகவும் தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே லாரி போயிற்று. திருப்பிப் போட்டாச்சு, என்றார், உதடு அசையாமல். இன்னும் ஒரு பக்கமும் பாதியும் இருக்கிறது அடுத்த திருப்பத்துக்கு. அவர் கண்ணை நோட்டின்மேல் வைத்துக்கொண்டு, தலைகள் ஏறுவதையும் இறங்குவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, பெரம்பூர் வருவதற்கு முன்னாலேயே எழுந்து நிற்கத் தயாராக இருந்தார்.